டிஸ்பேச்சர் நாற்காலியில் முதல் முறை: சனிக்கிழமைக்குள் உதவி தேவை

கரிப்புகை (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். மாடல் ரயில் பைத்தியம் பிடித்து ஆறு வருடம். கடைசி இரண்டு வருடமாக இங்கே ஒரு பெரியவர் வீட்டு பேஸ்மென்டில் மாதம் ஒருமுறை நடக்கும் ஆபரேட்டிங் செஷனுக்குப் போய்வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட விடும் விளையாட்டு இல்லை. பெரியவருடைய லேஅவுட் ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 1950-களின் அமெரிக்க ஒற்றைப் பாதை. பத்துப் பேர் வருவோம். ஒருவர் யார்டைப் பார்ப்பார், இருவர் ஸ்டேஷன் ஆபரேட்டர்கள், மற்றவர்கள் ரயிலோட்டிகள். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அது எங்கே போக வேண்டும் என்று அதில் ஒரு வேபில். சுவர்க் கடிகாரம் நாலு மடங்கு வேகத்தில் ஓடும், நிஜத்தில் ஒரு மணி நேரம் அங்கே நாலு மணி நேரம். எல்லாவற்றுக்கும் தலையாக டிஸ்பேச்சர், எந்த வண்டி எங்கே எப்போது போகலாம் என்று சொல்பவர். அவர் பக்கத்து அறையில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மேசை, ஒரு போன், ஒரு பெரிய தாள். லேஅவுட் அவர் கண்ணுக்குத் தெரியாது.

வழக்கமான டிஸ்பேச்சர் இந்த மாதம் ஊரில் இல்லை. பெரியவர் என்னைப் பார்த்து, "நீதான்" என்று சொல்லிவிட்டார்.

நான் இதுவரை வண்டி மட்டுமே ஓட்டியிருக்கிறேன். தொழில் மென்பொருள் என்பதால், எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எதைச் சந்திக்கும் என்று கணக்குப் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எடுத்துப் போகலாமா என்று யோசனை. அப்புறம், நம்ம ஊர் செக்‌ஷன் கண்ட்ரோலரும் இந்த டிஸ்பேச்சரும் ஒன்றுதானா? அப்படியென்றால் கண்ட்ரோல் வேலை தெரிந்தவர்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள்.

சார்ட்பென்சில் (செவ்வாய் காலை)

தம்பி, 27 வருடம் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் இரண்டாவது கேள்வி. ஒன்று இல்லை. பார்த்தால் ஒன்று மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை.

நம் கண்ட்ரோலர் எந்த வண்டியை முன்னால் விடுவது, எதை லூப்பில் போட்டு நிறுத்துவது என்று முடிவு செய்வார். ஆனால் வண்டியை அடுத்த ஸ்டேஷன் வரை அனுப்பும் அதிகாரம் அவரிடம் கிடையாது. அது ஸ்டேஷன் மாஸ்டர் கையில். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற ஒப்புதல், கேட்க வேண்டும், அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் டோக்கன் கருவி இருந்தால், அதிலிருந்து டோக்கனான உலோகப் பந்து வெளியே வந்தால்தான் வண்டி நகரும். நான் கண்ட்ரோலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும், எதிர்ப் பக்கம் வண்டி பிளாக்கில் (இரண்டு ஸ்டேஷனுக்கு நடுப் பாதையில்) இருக்கும்போது அந்தப் பந்து வராது. எனக்குத் தூக்கம் வந்ததே அதனால்தான்.

அமெரிக்காவில் நீங்கள் சொல்லும் அந்தக் காலத்து முறையில் நிலைமை வேறு. டிஸ்பேச்சர் சொல்லும் வாக்கியமே வண்டிக்கு அதிகாரம். பந்து இல்லை, கருவி இல்லை, காகிதம்தான். அந்த வாக்கியம் தப்பானால் நடுவில் தடுக்க இரும்பு எதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்கிரிப்ட் வேண்டாம். பென்சில் எடுத்துப் போங்கள். ரப்பரும்.

பேஸ்மென்ட்வாசி (செவ்வாய் மாலை)

கரிப்புகை, வாழ்த்துகள். நியூஜெர்சியில் எங்கள் குழுவிலும் இதே டைம்டேபிள், டிரெய்ன் ஆர்டர் முறைதான். சனிக்கிழமைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

டைம்டேபிளில் பெயர் உள்ள வண்டிகளுக்கு வகுப்பு உண்டு. முதல் வகுப்பு வந்தால் இரண்டாம் வகுப்பு ஒதுங்க வேண்டும். ஒரே வகுப்பு என்றால் திசை பார்க்க வேண்டும், பல கம்பெனிகளில் கிழக்கே போவது உசத்தி, உங்கள் ரூல் புத்தகத்தைப் பாருங்கள். டைம்டேபிளில் இல்லாத வண்டி எக்ஸ்ட்ரா. இன்ஜினில் வெள்ளைக் கொடி கட்டி ஓடும். அது எல்லோருக்கும் கீழே. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளுக்கு நடுவில் வாடகைக்காரர் மாதிரி, யார் வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும்.

இவ்வளவும் டிஸ்பேச்சர் வாயே திறக்காமல் தானாக நடக்கும். எல்லா வண்டியும் நேரத்துக்கு ஓடினால் உங்களுக்கு வேலையே இல்லை. ஓடாது. ஒரு வண்டி தாமதமானால் அதற்காகக் கீழ்ச்சாதி வண்டி எல்லாம் சைடிங்கில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தடத்தில், காத்துக் கிடக்கும். (சொல் சரியில்லை, மாற்றிக்கொள்கிறேன்: கீழ்வகுப்பு வண்டி.) அந்தக் காத்திருப்பை உடைக்கத்தான் டிரெய்ன் ஆர்டர். "22-ம் எக்ஸ்ட்ரா 614 மேற்கும் இன்ன இடத்தில் சந்திக்கவும்" என்று ஒரு வரி. உசத்தியான வண்டியின் உரிமையிலிருந்து கொஞ்சம் பிடுங்கி, கீழே உள்ளதுக்குக் கொடுக்கிறீர்கள்.

ஆர்டரில் இரண்டு தினுசு. 31 என்பது ரயில் ஊழியர் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்குவது. 19 கையெழுத்து இல்லாமல், ஓடும் வண்டிக்கே கொடுக்கலாம். மெல்லிய காகிதத்தை நூலில் செருகி, ஒய் வடிவக் கம்பில் மாட்டி ஆபரேட்டர் நீட்டுவார், இன்ஜினிலிருந்து கையை விட்டு நூலோடு பிடுங்கிக்கொள்வார்கள்.

வன்னிக்கிழங்கு (செவ்வாய் இரவு)

ரொறன்ரோவிலிருந்து. அந்தக் கம்பைப் பற்றி வாசிக்க எனக்கு ஹட்டன் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு அங்கே கொஞ்சக் காலம் வேலை. மலைநாட்டுப் பாதையில் டேப்லெட் முறை. பெரிய வளையம், அதில் தோல் பை, பைக்குள் உலோக வட்டு. வண்டி வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிற்காது. ஒரு வளையத்தை எறிந்துவிட்டு மற்றதைக் கையில் கோர்த்துக் கொள்ளுவினம். சின்னனில் நான் அதைப் பார்க்கவே ஸ்டேஷனுக்குப் போவேன்.

ஐயா சொன்ன வித்தியாசம் இங்கேதான் இருக்கு. எங்கட வளையத்துக்குள் இருந்தது பாதைக்கான திறப்பு (நீங்கள் சொல்லும் சாவி). அந்த வட்டு கையில் இல்லாவிட்டால் போக ஏலாது, ஒரு நேரத்தில் ஒரு வட்டுதான் வெளியே வரும். அமெரிக்கன்ற கம்பில் இருந்தது வெறும் கடிதம்.

கனடாவில் டிஸ்பேச்சர் என்று சொல்லாயினம், ரெயில் டிராஃபிக் கண்ட்ரோலர் என்று பெயர். வேலை அமெரிக்க டிஸ்பேச்சர்ற வேலைதான்.

பழையதந்தி (புதன் காலை)

இழை நன்றாகப் போகிறது. வரலாறு கொஞ்சம் சேர்க்கிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1851. ஈரி ரயில்ரோடு, நியூயார்க் மாநிலம். சூப்பரின்டெண்டென்ட் சார்லஸ் மைனாட் மேற்கே போகும் ஒரு வண்டியில் பயணம் செய்கிறார். டர்னர் என்ற இடத்தில் வண்டி நிற்கிறது, எதிரே கிழக்கு எக்ஸ்பிரஸ் வர வேண்டும், வரவில்லை. விதிப்படி காத்திருக்க வேண்டியதுதான். மைனாட் தந்தி அலுவலகத்துக்குப் போய், 14 மைல் தள்ளியிருந்த கோஷனுக்குத் தந்தி அடிக்கிறார்: எக்ஸ்பிரஸ் அங்கே வந்ததா? வரவில்லை. வந்தால் பிடித்து நிறுத்து. பிறகு தன் வண்டி ஓட்டியிடம் கோஷன் வரை போகலாம் என்று எழுதிக் கொடுக்கிறார். ஓட்டி ஐசக் லூயிஸ் முடியாது என்கிறார். கம்பி வழியாக வந்த வார்த்தையை நம்பி எதிரே வண்டி வரக்கூடிய பாதையில் போக அவருக்கு என்ன பைத்தியமா? கடைசியில் மைனாட்டே இன்ஜினை ஓட்டினார். லூயிஸ் போய்க் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார், மோதினால் அதுதான் தூரம் என்று.

கதையைச் சொல்பவர்கள் லூயிஸைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிடுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை. கண்ணால் காணாத ஒருவரின் வார்த்தையை நம்பி ஓட்ட வேண்டும் என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நூறு வருடம் எல்லா ஓட்டிகளும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

கரிப்புகை, நீங்கள் ஒஹாயோ என்பதால் இன்னும் இரண்டு. 1891-ல் உங்கள் மாநிலத்துக் கிப்டனில் ஒரு மோதல், ஓட்டியின் பைக்கடிகாரம் நாலு நிமிடம் நின்று மறுபடி ஓடியது. அதற்குப் பிறகுதான் ரயில்வே கடிகாரங்களைச் சோதிப்பதில் கெடுபிடி வந்தது. அடுத்தது 1927. டொலீடோ பக்கம் ஸ்டான்லியிலிருந்து பெர்விக் வரை 40 மைல், நியூயார்க் சென்ட்ரல் பாதை. உலகின் முதல் சி.டி.சி., சென்ட்ரலைஸ்டு டிராஃபிக் கண்ட்ரோல். டிஸ்பேச்சர் மேசையிலேயே லீவர், அங்கிருந்தே தூரத்து சிக்னலையும் தடம் மாற்றும் பாயின்டையும் மாற்றலாம். அதோடு காகிதத்தின் காலம் முடியத் தொடங்கியது, முடிய இன்னும் அறுபது வருடம் ஆனாலும்.

பைனரி (புதன் மதியம்)

எல்லாம் சரி. ஆனால் 2020-களில் ஏன் கையால் எழுத வேண்டும்? ஜே.எம்.ஆர்.ஐ. மாடல் ரயிலுக்கான இலவச மென்பொருள், அதிலேயே சி.டி.சி. பேனல் செய்யலாம். சென்சார் வைத்தால் எந்த பிளாக்கில் வண்டி என்று திரையில் தெரியும். நிஜத்திலும் பெரிய கம்பெனிகளிடம் சந்திப்புகளைத் திட்டமிடும் மென்பொருள் இருக்கிறது. கரிப்புகையின் ஸ்கிரிப்டை ஏன் எல்லோரும் அடிக்கிறீர்கள்? மனித டிஸ்பேச்சரால்தான் விபத்தே நடக்கிறது. ஜெர்மனி பாட் ஐப்ளிங், 2016 பிப்ரவரி. ஒற்றைப் பாதை, சிக்னல் தடுத்ததை மீறி விசேஷ சிக்னல் கொடுத்து இரண்டு வண்டியை நேருக்கு நேர் விட்டார். 12 பேர் செத்தார்கள். செல்போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார். மூன்றரை வருடம் சிறை.

ராத்திரிஷிப்ட் (புதன் நள்ளிரவு)

பைனரி, அதே விபத்தில் இன்னொன்றும் நடந்தது. தப்பு புரிந்ததும் அவர் அவசர அழைப்பு விடுத்தார். அழுத்தின பட்டன் தப்பு, ஓட்டிகளுக்குப் போகவில்லை. இரண்டாவது முறை சரியாக அழுத்தினபோது நேரம் கடந்துவிட்டது. கேம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த இரண்டு பட்டனைப் பற்றி நான் யோசித்துக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் என் மேசையிலும் பட்டன்கள் இருக்கின்றன.

அறிமுகம்: டெக்சாஸில் ஒரு சரக்கு ரயில் கம்பெனியில் டிஸ்பேச்சர். எட்டு வருடம். கம்பெனிப் பெயர் வேண்டாம். திரை ஆறு, கீபோர்டு, ஹெட்செட், ஜன்னல் கிடையாது. என் பிரதேசத்தில் ஒரு பகுதி சி.டி.சி., ஒரு பகுதி டிராக் வாரன்ட், அதாவது நான் வாயால் சொல்லி அவர்கள் எழுதிக்கொள்ளும் அனுமதி.

சி.டி.சி. பகுதியில் மென்பொருள் திட்டம் போடும், நான் பார்த்து மாற்றுவேன். நல்ல மென்பொருள்தான். ஆனால் இரண்டு மைலுக்கு மேல் நீளமான வண்டிகள் வருகின்றன, பழைய சைடிங்குகள் பலவற்றில் அடங்காது. அப்படி இரண்டு எதிரெதிரே வந்தால் திரையில் அழகாகப் போட்ட கோலம் கலைந்துவிடும். ஊழியர்களுக்கு 12 மணி நேரம்தான் சட்டம். நடுவழியில் நேரம் முடிந்தால் வண்டி அங்கேயே நிற்கும், வேனில் மாற்று ஆள் அனுப்ப வேண்டும். மாற்று ஆளை இங்கே நாய் பிடிப்பவன் என்பார்கள். எனக்கு 9 மணி நேரம், அதற்கு மேல் நானும் உட்காரக் கூடாது. பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 1973-லிருந்து சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் எழுதினவர் என் சைடிங் நீளத்தை அளந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது வண்டிகள் இல்லை. பாதையில் வேலை செய்யும் ஆட்கள். ஒரு போர்மேன் ரேடியோவில் கேட்பார், இத்தனையாவது மைலிலிருந்து இத்தனையாவது மைல் வரை இத்தனை மணி வரை பாதை வேண்டும் என்று. கொடுத்துவிட்டால், அவர் திருப்பிக் கொடுக்கும் வரை அந்தப் பாதை அவருடையது. அங்கே ஆறு பேர் தண்டவாளத்தின்மேல் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் நான் போட்ட ஒரு பிளாக், ஒரு தடை.

கரிப்புகைக்கு உபயோகமானது ஒன்று சொல்கிறேன். டிராக் வாரன்ட் கொடுக்கும்போது நான் சொல்வேன், அவர் எழுதுவார், எழுதினதை எனக்குத் திருப்பிப் படிப்பார். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வோம். ஓடும் வண்டியில் கன்ட்ரோலைப் பிடித்திருப்பவர் எழுதிக்கொள்ளக் கூடாது, கண்டக்டர்தான் எழுத வேண்டும். அவர் திருப்பிப் படிக்கும்போது நான் ஒவ்வொரு சொல்லாகத் திரையில் பார்க்கிறேன். காகிதக் காலத்தில் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட வேண்டும் என்பது விதி. எனக்குப் பயிற்சி கொடுத்த பழைய ஆள் திரை இருந்தும் பக்கத்தில் தாள் வைத்துக் கோடு போட்டுக்கொண்டே கேட்பார். நான் சிரிப்பேன். இப்போது நானும் போடுகிறேன்.

ஏனென்றால் நான் சொன்னது எனக்குத் தெரியும். அதனால் அவர் படிப்பது காதில் விழாமல், நான் நினைத்ததே விழும். கோடு போட்டால் விழாது.

சார்ட்பென்சில் (வியாழன் காலை)

அம்மா, கையைக் கொடுங்கள். எங்களிடம் இதற்குப் பிரைவேட் நம்பர். லைன் கிளியர் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் தன் தாளில் அடுத்து இருக்கும் எண்ணைச் சொல்வார், இவர் அதைப் பதிவு செய்வார். கேட்டேன், புரிந்தது, சரி என்று வாயால் சொல்வது எளிது. எண் வாங்கினால்தான் சாட்சி.

பைனரி தம்பிக்கு ஒன்று. மென்பொருளைப் பற்றி எனக்கு விரோதம் இல்லை. நான் போகும்போது எங்கள் சார்ட்டே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. முன்பு பெரிய தாளில் பக்கவாட்டில் நேரம், மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், வகைக்கு ஒரு கலர் பென்சில். வண்டி ஓடினது மட்டுமில்லை, ஓடப் போவதையும் லேசாக இழுத்து வைப்பேன். லேசான கோடும் கனத்த கோடும் எங்கே பிரிகிறதோ அங்கே யாரோ எங்கோ தாமதித்திருக்கிறார். யார் என்று கண்டுபிடிக்கப் போனை எடுப்பேன். திட்டம் போட்டதெல்லாம் அந்தப் போனை எப்போது எடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பேஸ்மென்ட்வாசி (வியாழன் மாலை)

பைனரி கேட்டதற்கு மாடல் பக்கத்திலிருந்து. டிஸ்பேச்சருக்கு லேஅவுட் தெரிந்தால் என்ன என்று எங்கள் குழுவில் ஒருமுறை கதவைத் திறந்துவைத்து விளையாடினோம். ஒரு மணி நேரத்தில் அவர் ஆபரேட்டர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்து, "ஏய் மூணாம் நம்பர், நகரு" என்று கத்த ஆரம்பித்தார். ஆபரேட்டர் இருவரும் வேலையில்லாமல் பிரவுனி தின்றார்கள். அடுத்த மாதம் கதவை மூடிவிட்டோம்.

தொழில்நுட்பம் பிடிக்கும் என்றால் இந்தப் பொழுதுபோக்கில் அதற்கும் பெரிய பரம்பரை உண்டு. எம்.ஐ.டி. மாடல் ரயில் கிளப்பில் பழைய டெலிபோன் ரிலேக்களை வைத்து லேஅவுட்டை ஓட்டினார்கள். ஹேக்கர் என்ற சொல் இன்றைய அர்த்தத்தில் புழங்கத் தொடங்கிய இடங்களில் அந்த அறையும் ஒன்று. ஆகவே ஸ்கிரிப்ட் எழுதுவது பாவமில்லை, கரிப்புகை. சனிக்கிழமை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று, முக்கியமானது. ஆர்டர் கொடுக்கும் வரிசை. இரண்டு ஆபரேட்டர்களையும் கூப்பிட்டு, "19, மூன்று பிரதி" என்பீர்கள். அவர் முதலில் தன் ஆர்டர் போர்டை (ஸ்டேஷனில் வண்டிக்குக் காட்டும் சிக்னல்) நிறுத்து நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, "எஸ்.டி." என்று சொல்ல வேண்டும், ஸ்டாப் டிஸ்பிளேய்ட். அதைக் கேட்காமல் ஒரு சொல் சொல்லாதீர்கள். பிறகு, யாருடைய உரிமையைப் பிடுங்குகிறீர்களோ அந்த உசத்தி வண்டியின் ஆபரேட்டர் முதலில் திருப்பிப் படிக்க வேண்டும், அவருக்கு முதலில் "கம்ப்ளீட்" கொடுக்க வேண்டும். கீழ்வகுப்பு வண்டிக்குப் பிறகுதான். கட்டிப்போட வேண்டியவனை முதலில் கட்டு, அவிழ்க்க வேண்டியவனை அப்புறம் அவிழ்.

பழையதந்தி (வெள்ளி)

அந்த வரிசை சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு நாஷ்வில், 1918 ஜூலை 9. டென்னசி. ஊரிலிருந்து புறப்பட்ட 4-ம் எண் வண்டி, எதிரே மெம்பிஸிலிருந்து வரும் 1-ம் எண் எக்ஸ்பிரஸ் கடந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே இரட்டைப் பாதை முடிந்து ஒற்றைப் பாதைக்குள் போக வேண்டும். பக்கத்துத் தடத்தில் ஒரு ஷன்டிங் வண்டி போனது. அதையே எக்ஸ்பிரஸ் என்று நினைத்துவிட்டார்கள். ஷாப்ஸ் டவர் ஆபரேட்டர் ஏட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு டிஸ்பேச்சரைக் கேட்டார். அபாயச் சங்கு ஊதினார். வண்டியின் பின்புறம் அதைக் கேட்க யாரும் இல்லை. 101 பேர்.

டிஸ்பேச்சர் எழுதினதில் தப்பு இல்லை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. நாளைக்கு நல்லபடியாக ஓட்டுங்கள்.

கரிப்புகை (ஞாயிறு காலை)

முடிந்தது. ஸ்கிரிப்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன் என்று சொல்ல ஆசை. போனில் இருந்தது.

நிஜப் பெயர் வைத்தால் குழம்பும். ஸ்டேஷன்கள் ஆறு. கிழக்கு முனை அ, அப்புறம் ஆ, இ, ஈ, உ, மேற்கு முனை ஊ. ஆபரேட்டர்கள் இருவர்தான், ஒருவர் அ, ஆ இரண்டையும், மற்றவர் ஈ, உ, ஊ மூன்றையும் பார்ப்பார். இ-யில் யாரும் இல்லை, சைடிங் மட்டும்.

முதல் இரண்டு மணி நேரம் (அந்தக் கடிகாரத்தில்) ராஜா மாதிரி இருந்தேன். போன் மணி அடிக்கும், "ஈ-யிலிருந்து ஓ.எஸ்., 21 புறப்பட்டது 9:12" என்பார் (ஓ.எஸ். என்றால் வண்டி கடந்த தகவல்), நான் தாளில் எழுதுவேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் வண்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். வினோதமான உணர்வு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நான் தாளில் நகர்த்துகிறேன், அது அங்கே நிஜமாக நகர்கிறது.

எக்ஸ்ட்ரா 614 மேற்கு, 10:05-க்கு ஆ-வுக்கு வந்து அங்கே மில்லில் வேகன் பிரித்துப் போடத் தொடங்கியது. எதிரே 22, முதல் வகுப்பு, ஊ-விலிருந்து 10:50-க்குக் கிளம்பி 11:20-க்கு ஈ, 11:40-க்கு இ, 12:00-க்கு ஆ. நான் ஒன்றும் செய்யாவிட்டால் 614 ஆ-விலேயே 12 மணி வரை கிடக்கும். அதை இ வரை இழுத்து அங்கே 22-ஐச் சந்திக்க வைத்தால் நாற்பது நிமிடம் மிச்சம். ஸ்கிரிப்டும் அதையே சொன்னது.

11:15-க்கு ஆ கூப்பிட்டு, வேலை முடிந்துவிட்டது, போகலாமா என்றார். இரண்டு ஆபரேட்டர்களையும் லைனில் பிடித்தேன். 11:17-க்கு ஆர்டரைச் சொல்லத் தொடங்கினேன். ஈ ஆபரேட்டர், "எழுதுகிறேன்" என்றார். எஸ்.டி. சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆ ஆபரேட்டர் வேகமானவர், உடனே திருப்பிப் படித்தார், அழகாக, தப்பே இல்லாமல். நானும் ஒவ்வொரு சொல்லுக்கும் கோடு போட்டேன், ராத்திரிஷிப்ட் அக்கா. "கம்ப்ளீட் 11:19." அதே வாயோடு ஈ-யைப் படிக்கச் சொன்னேன். பதில் இல்லை. போர்டு பச்சையாக இருந்ததால் 22 அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த ஐந்து நிமிடம் (நிஜ நிமிடம்) என் வாழ்க்கையில் நீளமானது. இ-யில் ஆள் இல்லை. யாரையும் கூப்பிட முடியாது. கதவைத் திறந்து கத்தியிருக்கலாம். எழுந்தேன், கைப்பிடி வரை போனேன், திறக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நிஜத்தில் கதவு இருந்திருக்காது என்று தோன்றியது.

11:41-க்கு வெளியே ஒரு பெரிய சிரிப்பு. இ-க்குக் கிழக்கே வளைவில் இரண்டு இன்ஜினும் மூக்கோடு மூக்கு, ஒரு சாண் இடைவெளியில் நின்றிருந்தன. ஓட்டிகள் வண்டியோடு நடந்து வருவதால் பார்த்து நிறுத்திவிட்டார்கள். இதற்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது, கார்ன்ஃபீல்ட் மீட், சோளக்காட்டுச் சந்திப்பு. பெரியவர் எதுவும் திட்டவில்லை. உள்ளே வந்து, அலமாரியிலிருந்து காய்ந்துபோன ஒரு சோளக்கதிரை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்து யாராவது செய்யும் வரை அது என்னிடம் இருக்க வேண்டுமாம்.

ராத்திரிஷிப்ட் (ஞாயிறு)

கதவைத் திறக்காதது நல்லது என்று ஒரு டிஸ்பேச்சர் சொல்லக் கூடாது. நிஜத்தில் என்ன கிடைக்கிறதோ அதையெல்லாம் அழுத்துவேன். ஆனால் ஏன் திறக்கவில்லை என்று புரிகிறது.

கோடு போட்டது சரி. தப்பான ஆளுக்கு முதலில் போட்டீர்கள்.

சார்ட்பென்சில் (ஞாயிறு மாலை)

தம்பி, 10 மணி முதல் 11:20 வரை உங்கள் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். எல்லோரும் 11:17-ஐப் பார்க்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தினது வேண்டும்.

கரிப்புகை (ஞாயிறு இரவு)

போட்டிருக்கிறேன் சார். கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

சார்ட்பென்சில் (திங்கள் காலை)

பார்த்தேன். 10:22-க்கு ஆ ஆபரேட்டர் ஒரு குறிப்புக் கொடுத்திருக்கிறார்: 614-க்கு மில்லில் இன்னும் ஐம்பது நிமிடம் ஆகும். நல்ல ஆபரேட்டர், கேட்காமலே சொல்லியிருக்கிறார், சொன்ன மாதிரியே முடித்தும் இருக்கிறார். அப்போது 22 ஊ-வில் கிளம்பவே இல்லை. அந்த நிமிடமே ஆர்டரை எழுதி, 22 கிளம்பும்போது ஊ-விலேயே கையில் கொடுத்திருக்கலாம். அவசரம் இல்லை, எஸ்.டி. மறக்காது, ஓடும் வண்டியைத் துரத்தவும் வேண்டாம். 11:17-க்கு நீங்கள் செய்த தப்பு யார் வேண்டுமானாலும் அவசரத்தில் செய்வது. அவசரத்தை உண்டாக்கினது 10:22.

ஆனால் எனக்குப் புரியாதது வேறு. 10:24-க்குப் பிறகு 10:44 வரை தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை. இருபது நிமிடம் ஆறு ஸ்டேஷனில் ஒரு வண்டியும் நகரவில்லை என்றால் நம்ப மாட்டேன். எங்கே போயிருந்தீர்கள்?

கரிப்புகை (திங்கள் இரவு)

மாடிக்கு, சார். நிஜக் கடிகாரத்தில் ஐந்தே நிமிடம். வீட்டிலிருந்து கொண்டுபோன மெதுவடை ஆறிப்போயிருந்தது, மைக்ரோவேவில் வைக்கப் போனேன்.